கூடாரத்துக்கு எத்தனை கையெழுத்து?

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கும் நண்பர், பொதுத்துறை வங்கி ஒன்றில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வருபவர்களின் ஃபைலில் எந்தக் காகிதம் இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய உத்தியோகமாக இருந்தது. விதி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கடந்த ஒன்றரை வருடமாக அவரே கக்கத்தில் ஒரு ஃபைலோடு அலைந்துகொண்டிருக்கிறார்.

உத்தராகண்டில், கங்கையில் போய்ச் சேரும் ஒரு சிற்றாற்றங்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கூடார முகாம் நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. "பத்து டென்ட், அவ்வளவுதான் சார். ஹோட்டல் கட்டலை, லிஃப்ட் வைக்கலை. சாயங்காலம் அடிச்சா காலையில மடிச்சு வண்டியில போட்டுடலாம். இதுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று முதல் நாள் என்னிடம் கேட்டார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கூடாரம் என்பது சட்டத்தின் கண்ணில் படாத அளவுக்கு லேசான பொருள் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் லேசான பொருளாக இருப்பதுதான் அதன் சிக்கலே.

ரிஷிகேஷ் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை கங்கை சுமார் 36 கிலோமீட்டர் பாறைகளுக்கிடையே இரைந்து வருகிறது. வளைவுகளில் வெள்ளை மணல் திட்டுகள். ரப்பர் படகில் வெள்ள நீரில் போகும் விளையாட்டு அங்கே பிரபலமானதும், அந்த மணல் திட்டுகளில் கூடாரங்கள் முளைத்தன. மழைக்காலம் முடிந்ததும் அடிப்பார்கள், கோடை முடிந்ததும் பிரிப்பார்கள். திட்டுகளில் பல வனத் துறையின் நிலம். எனவே வனத் துறை பருவத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி அனுமதி தந்தது. யாருக்கும் பெரிய புகார் இல்லை, கூடாரங்கள் கைவிரல்களில் எண்ணக்கூடியதாக இருந்தவரை.

பிறகு கூட்டம் வந்தது. மணலில் தோண்டிய கழிப்பறைக் குழிகள், ஆற்றோரம் சமையல், இரவு முழுக்க விளக்கு, பாட்டு, காலையில் காலி பாட்டில்கள். விலங்குகள் தண்ணீர் குடிக்க இறங்கும் இடமும் அதுதான். வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. 2015 டிசம்பரில் தீர்ப்பாயம் படகு விளையாட்டைத் தொடர அனுமதித்தது. கௌடியாலா - ரிஷிகேஷ் பகுதியில் ஆற்றங்கரைக் கூடாரங்களுக்குத் தடை போட்டது. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அரசு முறையான விதிகளை வகுக்கும்வரை படகு விளையாட்டையும் நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், புக்யால் என்று மலைவாசிகள் சொல்லும் உயரமான புல்வெளிகளில் இரவு தங்கக்கூடாது என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

தடை வந்தால் கூடாரம் ஒழிந்துவிடுமா? அதற்குத்தான் கால் முளைத்திருக்கிறதே. மணல் திட்டிலிருந்து கிளம்பி மேலே தனியார் படிக்கட்டு வயல்களில் போய் உட்கார்ந்தது. சிவ்புரி, மோகன்சட்டி பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நேற்றுவரை கோதுமையும் கேழ்வரகும் விளைந்த நிலம், இன்று 'ரிவர் வியூ கேம்ப்'. வனத் துறையின் கையிலிருந்த விவகாரம் இப்படியாகப் பத்துத் துறைகளின் கைக்குப் போனது. என் நண்பர் போய்ச் சேர்ந்தது அந்தப் பத்துக் கைகளுக்கு நடுவில்தான்.

முதலில் நிலம். உத்தராகண்டில் வெளி மாநிலத்துக்காரர் நகராட்சி எல்லைக்கு வெளியே 250 சதுர மீட்டருக்கு மேல் நிலம் வாங்க முடியாது. நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அதிலும் 2025-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஹரித்வார், உதம் சிங் நகர் நீங்கலாக மற்ற 11 மாவட்டங்களில் விவசாய நிலத்தை வெளியார் வாங்கவே முடியாது. மலைக் கிராமங்கள் மொத்தமாக டெல்லிக்காரர்களின் கோடை வாசஸ்தலமாகிவிடும் என்ற பயத்தில் வந்த சட்டம். அந்தப் பயம் பொய்யல்ல. ஆகவே நண்பர் வாங்கவில்லை. ஒரு விவசாயக் குடும்பத்தோடு குத்தகை ஒப்பந்தம் போட்டார். அந்த வீட்டுப் பையன் முகாமில் கூட்டாளி. நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் சொன்னேன்.

அடுத்து காகிதங்கள். இவரைப் போல முகாம் வைக்க ஆசைப்படுகிற வாசகர்கள் இருக்கலாம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும், எலும்புக்கூடு இதுதான்.

நிலம் விவசாய நிலம் என்றால் அதை வேறு உபயோகத்துக்கு மாற்ற வருவாய்த் துறையின் உத்தரவு வேண்டும். பக்கத்தில் காடு இருந்தால், உங்கள் இடம் காட்டுக்குள் வரவில்லை என்று வனத் துறை சொல்ல வேண்டும். வந்துவிட்டால் 1980-ம் வருட வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் ஒரு முளைக்குச்சிகூட அடிக்க முடியாது. கழிவு நீருக்கு 1974-ம் வருடச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல்: அமைப்பதற்கு ஒன்று, நடத்துவதற்கு ஒன்று. கிராமப் பஞ்சாயத்தின் சம்மதம். தீயணைப்புத் துறையின் சான்று. சமையல் செய்து போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. வருமானம் வரம்பைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல். உத்தராகண்டில் 2014-ல் வந்த விதிகளின்படி சுற்றுலாத் தொழில் செய்பவர் எல்லாரும் மாவட்டச் சுற்றுலா அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும், அது தனி.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. எதையும் தேவையில்லை என்று தூக்கிப்போட முடியாது. சிக்கல், ஒருவர் காகிதத்தை இன்னொருவர் கேட்பதில்தான். "அவர் கொடுத்தா நான் கொடுக்கிறேன்" என்று இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நின்றதில் நண்பருக்கு ஒரு குளிர்காலம் போயிற்று. எந்த மாவட்டம், எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. மீதிக் காகிதம் அவருக்கு இன்னும் வர வேண்டியிருக்கிறது.

ஒரு அலுவலகத்தில் அரை மணி நேரம் நடந்த விவாதத்தை அவரே சொல்லிச் சிரித்தார். கூடாரம் கட்டடமா, இல்லையா? கட்டடம் என்றால் வரைபடம் வேண்டும். இல்லையென்றால், இல்லாத கட்டடத்துக்கு எப்படி அனுமதி தருவது? கடைசியில் கூடாரத்துக்கு அடியில் போடும் சிமெண்ட் மேடை கட்டடம், மேலே நிற்கும் துணி கட்டடமல்ல என்று முடிவாயிற்றாம். "அப்ப மேடை போடலைன்னா?" என்று கேட்டிருக்கிறார். "அப்படின்னா நீங்க இங்கே வரவே வேண்டியதில்லையே!"

இந்தப் பதிலில்தான் முழு விவகாரமும் இருக்கிறது. கட்டியதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இருக்கிறது. உள்ளே படுத்துத் தூங்குகிறவரைப் பற்றிக் கேட்க அதனிடம் கேள்வி இல்லை.

நண்பரின் ஃபைலை நான் முழுவதும் புரட்டிப் பார்த்தேன். யார் நிலம், எத்தனை கழிப்பறை, எத்தனை சிலிண்டர், யார் சமையல்காரர், பங்குதாரரின் அப்பா பெயர் என்ன - எல்லாக் கேள்வியும் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆறு ஏறினால் விருந்தாளிகள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்ற கேள்வி மட்டும் எந்தப் படிவத்திலும் இல்லை.

அதைக் கேட்டது ஒரு கிழவி. நிலத்துக்காரரின் தாயார். கூடாரத்துக்கு இடம் அளந்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து இறங்கி வந்து, "இந்த வரப்பில் யாரையும் படுக்க வைக்காதே, பேட்டா" என்றாளாம். கரையோரம் நின்ற ஒரு வாதுமை மரத்தைக் காட்டி, அதன் அடிமரத்தில் இடுப்பு உயரத்தில் கையை வைத்து, "கேதார்நாத்தில் அழிவு வந்த வருஷம் தண்ணீர் இதுவரை வந்தது" என்று சொன்னாள். 2013 ஜூன். ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போன வெள்ளம். அந்தச் சிற்றாறும் தன் பங்குக்கு அன்றைக்கு ஏறியிருந்திருக்கிறது.

ஆற்றோர வரப்பில்தான் காட்சி அழகு, வாடகையும் அங்கேதான் அதிகம். நண்பர் இரண்டு நாள் தூங்காமல் யோசித்துவிட்டுக் கூடாரங்களை மூன்று வரப்பு மேலே ஏற்றினார். இடம் குறைந்தது, பத்து, ஆறாயிற்று. "வங்கியில இருந்திருந்தா இந்தத் திட்டத்துக்கு நானே கடன் கொடுத்திருக்க மாட்டேன்" என்று சிரிக்கிறார். அவரை இப்படிச் செய்யச் சொல்லிச் சட்டம் எதுவும் வற்புறுத்தவில்லை. கீழ் வரப்பிலேயே அடித்திருந்தாலும் அதே காகிதங்கள், அதே கையெழுத்து கிடைத்திருக்கும்.

இது ஒரு கிழவியின் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2022 ஜூலையில் ஹிமாசலத்தின் பார்வதி பள்ளத்தாக்கில், மணிகரண் பக்கம் சோஜ் கிராமத்தில் மேக வெடிப்பால் ஓடை பெருகியபோது, ஆற்றோர முகாம் ஒன்று சேதமடைந்தது. சிலர் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

தண்ணீர் மட்டுமல்ல. 2021 ஜனவரியில் கேரளத்தின் வயநாட்டில், மேப்பாடி அருகே காட்டோரமாக ஒரு விடுதி கூடாரங்கள் போட்டிருந்தது. இரவில் யானை வந்தது. கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு இளம்பெண் இறந்துபோனார். கூடாரங்களுக்கு உரிய அனுமதி இல்லை என்று பிறகு தெரிய வந்தது. மாவட்ட நிர்வாகம் விடுதியை மூடியது. மற்ற கூடாரங்களையும் சோதித்தது. வீட்டில் அறை வாடகைக்கு விட வாங்கிய காகிதம், முற்றத்தில் அடித்த கூடாரத்துக்கும் செல்லும் என்று நினைத்துக்கொள்வது மலைப் பிரதேசங்களில் சகஜம். வீட்டுக்குச் சுவர் இருக்கிறது, துணிக்கு இல்லை என்பது யானைக்குத் தெரியும்.

அப்போதாவது பாடம் படித்தோமா? 2025 மே மாதம், அதே மேப்பாடி பகுதியில், தொள்ளாயிரம் கண்டி என்ற இடத்தில் ஒரு விடுதியின் கூடாரம் சரிந்து விழுந்து இன்னொரு இளம்பெண் உயிரிழந்தார். இந்த முறை யானை இல்லை, வெள்ளம் இல்லை. தாங்கி நின்றது தாங்கவில்லை. மறுபடி கைது, மறுபடி சோதனை.

நமக்கும் இது புதிதல்ல. 2018 மார்ச்சில் குரங்கணி மலைக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மலையேற்றத்துக்கான விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது அதே ஆண்டில்தான், ஆனால் அதற்குப் பிறகு. நம் நாட்டில் விதி என்பது பெரும்பாலும் இரங்கல் குறிப்பின் மறுபக்கத்தில் எழுதப்படுகிறது.

இந்த இடத்தில் இரண்டு கட்சிகள் எழுந்து நிற்கும். ஒரு கட்சி, "லைசென்ஸ் ராஜ் எல்லாவற்றையும் ஒழியுங்கள், தொழில் செய்ய விடுங்கள்" என்கிறது. இன்னொரு கட்சி, "மலையில் கூடாரமே வேண்டாம், மொத்தமாகத் தடை செய்யுங்கள்" என்கிறது. முதல் கட்சி மேப்பாடியைப் பார்க்கவில்லை. இரண்டாம் கட்சி ரிஷிகேஷைப் பார்க்கவில்லை. தடை போட்டதும் கூடாரம் அடுத்த வயலுக்கு நகர்ந்ததே தவிர மறையவில்லை. மலைக் கிராமத்து இளைஞனுக்கு டெல்லியில் பாத்திரம் தேய்ப்பதற்குப் பதில் சொந்த ஊரில் நாலு கூடாரம் போட்டுப் பிழைக்க ஒரு வழி இருப்பது நல்லதுதான். கதவைத் தாழ் போட்டால் அவன் வேலியைத் தாண்டித்தான் போவான்.

மனம் வைத்தால் அரசுக்குக் கூடாரத்தைக் கட்டி ஆளத் தெரியும். பிரயாக்ராஜ் கும்பமேளாவைப் பாருங்கள். 2025-ல் சுமார் 4,000 ஹெக்டேரில், 25 செக்டார்களாக ஒரு துணி நகரமே எழுந்தது. அதை ஆள மேளாவுக்கென்று சட்டத்தால் அமைந்த தனி ஆணையம். போதாததற்கு அந்தப் பகுதியே தற்காலிகமாகத் தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஜனவரி 19-ம் தேதி சிலிண்டர் வெடித்துக் கூடாரங்கள் எரிந்தபோது தீயணைப்பு வண்டிகள் அருகிலேயே இருந்தன, உயிர்ச்சேதம் இல்லை. பத்து நாள் கழித்து அதே மேளாவில் நெரிசலில் சிக்கிக் குறைந்தது 30 பேர் இறந்ததை நான் மறக்கவில்லை. ஒற்றை ஆணையம் இருந்தால் எந்த விபத்தும் வராது என்று சொல்லவில்லை. வந்தால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும். கோடிப் பேருக்கான கூடாரத்துக்கு ஒரே ஒரு கதவு. என் நண்பரின் ஆறு கூடாரத்துக்குப் பத்துக் கதவு.

மத்திய சுற்றுலா அமைச்சகத்திடம் கூடாரத் தங்குமிடங்களுக்கான அங்கீகார நெறிமுறைகள் உண்டு. சாகசச் சுற்றுலா நடத்துவோர் சங்கத்தோடு சேர்ந்து 2018-ல் பாதுகாப்பு வழிகாட்டிகளும் வெளியாயின. நல்ல விஷயங்கள்தாம். ஆனால் வழிகாட்டி என்பது விரும்பினால் பின்பற்றுவது. விரும்புகிறவர் அது இல்லாமலே ஒழுங்காக நடத்துவார். விரும்பாதவர் அதைப் படிக்கப்போவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1867-ல் வெள்ளைக்காரன் போட்ட சராய் சட்டம் என்று ஒன்று உண்டு. வழிப்போக்கர் சத்திரங்களுக்கானது. சுதந்திரத்துக்குப் பின்னும் நெடுங்காலம் வட மாநிலங்களில் ஹோட்டல்கள் இதன்கீழ்தான் பதிவாயின. பழைய பஞ்சாங்கம் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். அதைப் படித்துப் பாருங்கள்: சத்திரக்காரர் கிணற்றையும் வடிகாலையும் சுத்தமாக வைக்க வேண்டும்; சுவரையும் வேலியையும் கூரையையும் பழுது பார்க்க வேண்டும்; திருடன் ஏறி உள்ளே குதிக்க உதவும் மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும்; தேவையான அளவு காவல்காரர்களை வைக்க வேண்டும். அந்நிய அரசுக்கு உளவு பார்க்கும் நோக்கமும் இருந்திருக்கலாம். ஆனாலும் அதை எழுதியவன், இருட்டில் அயலூரில் படுத்திருக்கும் ஒருவனை மனதில் வைத்து எழுதியிருக்கிறான். திருடன் எந்தக் கிளை வழியாக வருவான் என்று அவன் யோசித்திருக்கிறான். தண்ணீர் எந்த வரப்பு வழியாக வரும் என்று நாம் இன்னும் யோசிக்கவில்லை.

கூடார முகாமுக்கு ஒரே படிவம் போதும் என்பது என் கட்சி. மாவட்டத்தில் ஒரே மேஜை. மற்றத் துறைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். அந்தப் படிவத்தின் முதல் பக்கத்தில் ஐந்து கேள்விகள். இதுவரை வந்த வெள்ளங்களில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது, கூடாரம் அதற்கு எவ்வளவு மேலே இருக்கிறது? காட்டு விலங்கின் தடம் எங்கே போகிறது? கழிவு எங்கே இறங்குகிறது? ஒரு கூடாரம் எரிந்தால் அடுத்தது பிடிக்காத இடைவெளி இருக்கிறதா? நள்ளிரவில் எந்த வழியாக வெளியேறுவது, யாரை அழைப்பது? அதிகாரி இடத்துக்கு நேரில் வந்து, கிராமத்தில் வயதான இரண்டு பேரைக் கேட்டு, இவற்றுக்குப் பதில் எழுத வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. ரிஷிகேஷில் ஜூலை, ஆகஸ்டில் படகுகளைக் கரையேற்றிவிடுகிற மாதிரி ஆற்றோர முகாம்களுக்கும் கட்டாய விடுமுறை. அனுமதி எண்ணும் கூடாரங்களின் எண்ணிக்கையும் வாசலில் பலகையில் தெரிய வேண்டும்.

அதுவரை, விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கிளம்பும் நீங்கள் அந்த ஐந்து கேள்விகளையும் முகாம்காரரிடமே கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்கிறவரிடம் தங்க வேண்டாம்.

போன வாரம் நண்பர் மலையிலிருந்து திரும்பினார். ஆறு கூடாரத்தின் மேடைகளும் தயார். இன்னும் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அது வரும்வரை திறக்கப்போவதில்லை என்கிறார், வங்கிக்காரர் அல்லவா.

"எதிர்க்கரையில ஒருத்தர் தீபாவளிக்கே ஆரம்பிச்சுட்டார் சார்" என்றார். "முப்பது டென்ட். எந்தக் காகிதமும் இல்லை. கலர் லைட்டு, பாட்டு, சனி ஞாயிறுன்னா இடமே கிடைக்கிறதில்லை."

"எந்த வரப்பில் போட்டிருக்கிறார்?" என்று கேட்டேன்.

உடனே பதில் வரவில்லை. ஃபைலின் நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "கடைசி வரப்பு. தண்ணிக்குப் பக்கத்துல. காட்சி அங்கேதானே நல்லா இருக்கும்."